15 கிலோ தூக்கிவிட்டால் அப்பாவின் கேஸ் போய்விடுமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட வரையில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்தபோது அப்பாவுக்கு 47 வயது. ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், லோடு இறக்கும் வேலை. 2022-ல் பைக்கில் வரும்போது லாரி இடித்து முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கிவிட்டது. ஆபரேஷன் இல்லை, பெல்ட் போட்டே எலும்பு கூடிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. இப்போது எடுத்த எம்.ஆர்.ஐ.யில் நரம்பை எதுவும் அழுத்தவில்லை என்று வந்திருக்கிறது. விபத்து நஷ்டஈட்டுக்காக கேஸ் போட்டிருக்கிறீர்கள். மெடிக்கல் போர்டு 18 சதவீதம் ஊனம் என்று கொடுத்தது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் "எலும்பு கூடிவிட்டது, மிச்சமெல்லாம் வெறும் பேச்சு" என்கிறார். உங்கள் வக்கீல் ஒரு ஃபங்ஷனல் கெபாசிட்டி டெஸ்ட், அதாவது உடம்பால் எந்த வேலை எவ்வளவு முடிகிறது என்று செய்ய வைத்துப் பார்க்கும் சோதனை, எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். அந்த டெஸ்ட் அப்பாவின் வலியை நிரூபிக்குமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "அவர் பாட்டுக்கு 15 கிலோ தூக்கிவிட்டால் கேஸ் போய்விடுமோ, கொஞ்சம் கம்மியாகத் தூக்கச் சொல்லலாமா" என்று, உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். இதை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. மனதில் வைத்துக்கொண்டே டெஸ்டுக்கு வருபவர்கள்தான் அதிகம். அதனால் கேட்டதற்கு நன்றி.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். வேலூரில் 24 வருடமாக இதே வேலை. பாதிக்காலம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இப்போது காட்பாடியில் சொந்தமாக ஒரு சின்ன கிளினிக். நீங்கள் சொல்லும் டெஸ்டை நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டர்களோடு சத்துவாச்சாரி கோர்ட் வராண்டாவில் மணிக்கணக்காகக் காத்திருந்ததும் உண்டு. சட்டம் என் துறை இல்லை, அந்தப் பக்கம் நான் சொல்வதை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. அவரைப் போன்றவர்களைப் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். இந்த டெஸ்ட் வலியை அளக்காது. வலியை அளக்கும் கருவி எங்குமே இல்லை. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-ல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பாகவே சேர்த்தது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வலி. அதற்கும் ஸ்கேனில் தெரிவதற்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட ரொம்பத் தளர்வானது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் வருட ஆய்வு ஒன்றில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 80 வயதில் 96 சதவீதம். படத்தில் தேய்மானம் இருந்தும் வலி இல்லாமல் இத்தனை பேர் இருக்கும்போது, படம் சுத்தமாக இருந்தும் வலிப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. "எம்.ஆர்.ஐ. நார்மல், ஆகவே வலி பொய்" என்ற வாதம் மருத்துவ ரீதியாக நிற்காது. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன்.

அப்படியானால் டெஸ்ட் எதற்கு? உங்கள் கேஸில் இரண்டு வேறு வேறு சதவீதங்கள் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. போர்டு கொடுத்த 18 என்பது உடம்பின் குறைபாட்டுக்கு. முதுகு எவ்வளவு வளைகிறது, தசையில் பலம் எவ்வளவு என்று பார்த்துப் போட்ட எண். மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்கு வேண்டியது, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பது. இரண்டும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-லேயே விளக்கமாகச் சொல்லிவிட்டது. அதில் வரும் உதாரணம் இடது கையை இழந்தவர். டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவர் பிழைப்பே கிட்டத்தட்ட போய்விடும். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தால் வேலை போகாமலே இருக்கலாம். கை ஒன்றுதான், போன வருமானம் வேறு. எங்கள் ஊரில் இதற்கு வேறொரு உதாரணமும் உண்டு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், மறுவாழ்வுத் துறையையும் தலைமையேற்று நடத்தினார். குறைபாட்டுக் கணக்கில் அவருக்கு எவ்வளவு பெரிய எண் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் அப்பா அதற்கு நேர் எதிர்ப் பக்கம். எண் 18தான், ஆனால் அவர் செய்த வேலை முழுக்க அந்த முதுகின் மேல்தான் நின்றது.

பணக் கணக்கில் இது எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால்தான் வக்கீல் ஏன் அலைய விடுகிறார் என்று புரியும். மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். நஷ்டஈட்டுக் கணக்கில் விபத்தின்போது இருந்த வயதைப் பொறுத்து ஒரு பெருக்கும் எண் உண்டு, 46-லிருந்து 50 வயது வரை அது 13. 15,000 பெருக்கல் 12 பெருக்கல் 13, ஆக 23 லட்சத்து 40 ஆயிரம். இதில் 18 சதவீதம் என்றால் 4 லட்சத்து 21 ஆயிரத்துச் சொச்சம். 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் எடுத்தால் 14 லட்சத்து 4 ஆயிரம். வருங்கால வருமான உயர்வு, வைத்தியச் செலவு இதெல்லாம் தனி. 60 கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, கணக்கின் போக்கைத்தான் காட்டுகிறேன். அந்த 18-க்கும் அதற்கு மேலான எண்ணுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். "இவர் வேலை இன்னது, அதில் இன்னின்ன அசைவுகள், அவற்றில் இவரால் இவ்வளவுதான் முடிகிறது" என்று ஒருவர் கண்ணால் பார்த்து எழுதிய காகிதம்தான் அந்தப் பாலம். அதுவும் காகிதம் மட்டும் போதாது, பரிசோதித்த டாக்டர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். வைத்தியம் பார்க்காமலே சான்று எழுதித் தருகிற டாக்டர்களைப் பற்றி அதே தீர்ப்பு எச்சரித்திருக்கிறது.

டெஸ்ட் அன்று என்ன நடக்கும் என்று சொல்கிறேன். காலையில் முதல் ஒரு மணி நேரம் பேச்சுத்தான். விபத்து, வைத்தியம், மாத்திரை, வீட்டில் என்ன செய்கிறார், எதை விட்டுவிட்டார். ஆஸ்வெஸ்ட்ரி என்று ஒரு கேள்வித்தாள் இருக்கும், முதுகுவலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு தடுக்கிறது என்று கேட்பது. பி.பி., நாடித்துடிப்பு பார்ப்பார்கள். குனிதல், திரும்புதல், உட்கார்ந்து எழுதல், மண்டியிடுதல், படி ஏறுதல். கைப்பிடி பலத்துக்கு ஜமார் என்ற கருவி. அப்புறம் பெட்டி. இதுதான் முக்கியமான கட்டம். தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு, இடுப்பிலிருந்து தோள் உயரத்துக்கு, பிறகு தூக்கிக்கொண்டு நடக்க. சில கிலோவில் ஆரம்பித்து படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவோம்.

பெட்டியில் எத்தனை கிலோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பீர்கள். நாங்கள் அதை ஒரு ஓரத்தில் குறித்துக்கொண்டு ஆளைப் பார்ப்போம். 8 கிலோவில் இரண்டு பாதமும் தோள் அகலத்தில் இருக்கும். 12-ல் ஒரு கால் பின்னால் போகும். 15-ல் பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பார், முழங்காலை மடக்காமல் முதுகிலிருந்து இழுக்க ஆரம்பிப்பார், மூச்சைப் பிடிப்பார், கீழே வைக்கும்போது கடைசி அரை அடி நழுவும். ஒருவர் தன் எல்லையை நெருங்குவதை உடம்பு இப்படித்தான் காட்டும். நாடித்துடிப்பு கூடவே ஏறும். பத்திரமாகத் தூக்கும் முறை குலைந்ததும் நாங்களே நிறுத்திவிடுவோம், அவர் இன்னும் தூக்கத் தயாராக இருந்தாலும். அவரும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ரிப்போர்ட்டில் யார் நிறுத்தினது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வாலாஜாபேட்டை பக்கத்திலிருந்து வந்த ஒரு லோடுமேன் நினைவுக்கு வருகிறார். பெட்டி முன்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "இன்னா சார், இத்த தூக்கிட்டா வலி இல்லன்னு எழுதிடுவீங்களா?" என்றார். "தூக்குறத எழுதுவேன், தூக்குனதுக்கு அப்பால என்ன ஆவுதுன்னும் எழுதுவேன்" என்றேன். 18 கிலோ தூக்கினார், ஐந்து முறை. ஒரு முனகல் இல்லை. அன்றைக்கு ரிப்போர்ட் எழுதியிருந்தால் நல்ல உழைப்பாளி, நடுத்தரக் கனமுள்ள வேலைக்குத் தகுதி என்று முடிந்திருக்கும். மறுநாள் காலை வரச் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றக் குனியவில்லை, ஒரு காலால் மற்றதை உதைத்துத் தள்ளினார். அன்று 9 கிலோவுக்கு மேல் போகவில்லை, இரண்டாவது முறையிலேயே முதுகு இழுத்துக்கொண்டது. லோடு வேலை என்பது ஒரு நாள் தூக்குவது இல்லையே, திங்களும் தூக்கி செவ்வாயும் தூக்குவது. ஆகவே உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், இரண்டு நாள் டெஸ்டாகக் கேளுங்கள் என்று. நாள்பட்ட வலியில் ஒரு நாள் டெஸ்ட் பாதிக் கதைதான் சொல்லும், அதுவும் உங்களுக்கு ஆகாத பாதி.

சரி, கம்மியாகத் தூக்கச் சொல்லலாமா? வேண்டாம். நியாய தர்மத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அது அவருக்கே நஷ்டம். முழு முயற்சி போடுகிறாரா என்று பார்க்க டெஸ்டுக்குள்ளேயே பல கண்ணிகள் இருக்கும். ஜமாரில் கைப்பிடியின் அகலத்தை மாற்றி வைக்க ஐந்து நிலைகள் உண்டு, உண்மையாக அழுத்தினால் நடு நிலைகளில் பலம் கூடி ஓரங்களில் குறையும். பாதிதான் அழுத்துபவருக்கு ஐந்தும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வரும். "முடியவில்லை" என்று நிறுத்தும்போது நாடித்துடிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். சோதனை மேஜையில் குனிய முடியாதவர் கீழே விழுந்த சாவியை எப்படி எடுக்கிறார் என்றும் பார்ப்போம். இதெல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் ரிப்போர்ட்டில் "முழு முயற்சி இல்லை" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியை எதிர்த்தரப்பு வக்கீல் மஞ்சள் பூசி வைத்துக்கொள்வார். 20 கிலோ தூக்கிய மனிதர் அதனால் தோற்று நான் பார்த்ததில்லை. நடித்து 5 கிலோவில் நின்றவரின் உண்மையான வலியும் சேர்ந்து அடிபட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையில்லாதவன். இந்தக் கண்ணிகள் பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவிகள் கிடையாது. முயற்சி முழுதா இல்லையா என்று ஓரளவு சொல்லும், ஏன் முழுதாக இல்லை என்று சொல்லாது. வலியும் பயமும்கூட அதே மாதிரி ஒழுங்கில்லாத எண்களைத்தான் தரும். வாடெல் அடையாளங்கள் என்று ஐந்து வகைச் சோதனை உண்டு. உச்சந்தலையில் இலேசாக அழுத்தினாலே இடுப்பில் வலிக்கிறது என்பது போன்றவை. கோர்டன் வாடெல் என்ற எலும்பு டாக்டர் 1980-ல் எழுதியது. ஐந்தில் மூன்று இருந்தால் நடிப்பு என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அவரே 1998-ல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து எழுதி, இதை நடிப்புக்கான சோதனையாகப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்தார். அந்த அடையாளங்கள் மனக் கஷ்டத்தையும் காட்டலாம். உங்கள் ரிப்போர்ட்டில் அதை மட்டும் வைத்து நடிப்பு என்று வந்தால், சாட்சி விசாரணையில் கேட்க வேண்டிய கேள்வி இது என்று வக்கீலிடம் சொல்லிவையுங்கள்.

இதில் நானே தப்பு செய்திருக்கிறேன். குடியாத்தத்திலிருந்து ஒரு பீடி சுற்றும் அம்மா, கழுத்திலும் வலது தோளிலும் வலி. ஜமாரில் அவருக்கு ஐந்து நிலையும் தட்டையாக ஒரே எண். அப்போது எனக்கு அனுபவம் மூன்று வருடம், திமிர் முப்பது வருடம். "முயற்சி திருப்தியில்லை" என்று எழுதிவிட்டேன். சீனியர் ஒருவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இருபது வருடமாக இலையைச் சுருட்டிச் சுருட்டி கட்டைவிரல் அடிமூட்டு இரண்டு பக்கமும் தேய்ந்துபோயிருந்தது. எந்த நிலையிலும் பிடி இறுகாது. அவர் தோளுக்காக வந்தவர் என்பதால் கட்டைவிரலை யாரும் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. "அது தொழில் வலி கண்ணு, அதைப் போய் சொல்லுவாங்களா" என்றார். அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அதிலிருந்து "முயற்சி இல்லை" என்று எழுதும் முன் வேறு காரணம் இருக்கிறதா என்று ஒரு முழுப் பக்கம் எனக்கு நானே எழுதிப் பார்ப்பது வழக்கம்.

அந்த அம்மா இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். இந்த டெஸ்டின் எண்களைத் தரம் பிரிக்கும் வகைகள் அமெரிக்கத் தொழில் அகராதியிலிருந்து வந்தவை. 4.5 கிலோ வரை என்றால் உட்கார்ந்த வேலை, 9 வரை இலேசானது, 23 வரை நடுத்தரம், 45 வரை கனம், அதற்கு மேல் மிகக் கனம். அதில் உட்கார்ந்த வேலை என்றால் நாற்காலியும் மேஜையும். நம்மூரில் பீடி சுற்றுவது தரையில் சம்மணம் போட்டு, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, எட்டு மணி நேரம். கிலோ கணக்கில் இதைவிட இலேசான வேலை இல்லை. முதுகுக் கணக்கில் நாள் முழுக்கச் சுமைதான். அகராதியில் அதற்கு இடமே இல்லை.

உங்கள் அப்பா விஷயத்தில் இதுவேதான் பொறி. பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கும், தரை காய்ந்திருக்கும். உப்புப் போட்ட பச்சைத் தோலுக்குப் பிடி எங்கே இருக்கிறது? ஈரம், வழுக்கல், பாதி வழியில் ஒரு பக்கம் சரியும், தரையிலும் தண்ணீர். பெட்டியில் தூக்கும் 15 கிலோவும் எருமைத் தோலில் 15 கிலோவும் ஒன்றில்லை. சோதிப்பவர் டேனரிக்குள் கால் வைத்திராதவராக இருந்தால் இது அவருக்குத் தோன்றவே தோன்றாது. ஆகவே டெஸ்டுக்குப் போகும் முன் ஒரு பக்கத்தில் வேலையை எழுதுங்கள், அப்பாவும் அவரோடு வேலை செய்த ஒருவரும் உட்கார்ந்து. லாரியிலிருந்து ஒரு ஷிஃப்டில் எத்தனை தோல், ஒன்று எவ்வளவு எடை, தனியாகவா இரண்டு பேராகவா, எவ்வளவு தூரம், டிரம்முக்குள் எந்த உயரத்தில் எறிய வேண்டும், கெமிக்கல் மூட்டை எத்தனை கிலோ, நடுவில் உட்கார இடம் உண்டா. கம்பெனி எழுதிக் கொடுத்தால் ரொம்ப நல்லது, கொடுக்காவிட்டால் இதுவே போதும். இந்த ஒரு பக்கம் இல்லாமல் வரும் ரிப்போர்ட் பாதி வேலைதான் செய்யும்.

இன்னொன்று, "லோடு முடியாவிட்டால் வாட்ச்மேன் வேலைக்குப் போகலாமே" என்று எதிர்த்தரப்பு கேட்கும். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன் இதை. வாட்ச்மேன் வேலை என்றால் பன்னிரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில், கேட் திறக்க எழுந்து எழுந்து உட்கார வேண்டும், அதுவும் பெரும்பாலும் ராத்திரி. அதனால் எத்தனை நிமிடம் தொடர்ந்து உட்கார முடிகிறது, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது என்பதையும் அளக்கச் சொல்லுங்கள். தூக்குவதை மட்டும் அளந்த ரிப்போர்ட் இந்தக் கேள்விக்கு வாய் திறக்காது.

டெஸ்டின் எண்ணை வைத்து ஒருவர் வேலைக்குத் திரும்புவாரா மாட்டாரா என்று சொல்ல முடியுமா? இங்கேதான் என் துறையே அடக்கமாகப் பேச வேண்டும். கனடாவில் ஆல்பர்ட்டா மாநிலத்தில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்களை வைத்து 2004-ல் வந்த ஆய்வுகளில், டெஸ்டில் நன்றாகச் செய்தவர்கள் சற்று சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள், ஆனால் அந்தத் தொடர்பு பலவீனமானது. அதைவிட எங்களைக் கூச வைத்தது, தரையிலிருந்து இடுப்புக்குத் தூக்கும் ஒரே ஒரு சோதனை, மணிக்கணக்கில் செய்யும் முழு டெஸ்டுக்கும் ஏறக்குறைய சமமாகச் சொல்லிவிட்டது என்பது. ஆகவே யாராவது பெரிய பேக்கேஜ் என்று பெரிய தொகை சொன்னால் மயங்க வேண்டாம். பெட்டி, நாற்காலி, படிக்கட்டு, நாடித்துடிப்பு, இரண்டு நாள், அனுபவமுள்ள ஒரு ஜோடிக் கண். இது போதும்.

அப்பாவைத் தயார் செய்வது பற்றிச் சில விஷயம். மாத்திரையை வழக்கம்போலவே போடட்டும், டெஸ்டுக்காகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், போட்ட நேரத்தைச் சொல்லட்டும். பி.பி.க்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவை நாடித்துடிப்பு ஏறவிடாமல் அடக்கி வைக்கும். தெரியாதவர், துடிப்பு ஏறவில்லை, முயற்சி இல்லை என்று எழுதிவிடுவார். பி.பி. கட்டுக்குள் இல்லை, நெஞ்சுவலி உண்டு என்றால் டெஸ்ட்டே வேண்டாம், முதலில் டாக்டர். காலில் பலம் குறைகிறது, சிறுநீர் போவது தெரியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கேஸெல்லாம் அப்புறம். நாள் குறிக்கும்போது முடிந்தால் மே மாதத்தைத் தவிருங்கள். நம்மூர் வெயிலில் ஃபேன் மட்டும் ஓடும் அறையில் யார் பெட்டி தூக்கினாலும் எண் குறையும்.

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் அப்பா தூக்கினால் எலும்பு மறுபடி உடைந்துவிடும் என்று நினைக்கலாம், பலரும் நினைக்கிறார்கள். கூடிய எலும்பில் வலி வந்தால் புதுச் சேதம் என்று அர்த்தமில்லை. இங்கே பக்கத்தில் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் விரல்களை இழந்தது வலி தெரியாததால்தான். கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தால் கை தெரிவிக்காது. நாள்பட்ட வலி அதற்குத் தலைகீழ், திருடன் போய் வருடக்கணக்காகியும் குரைத்துக்கொண்டிருக்கும் நாய். குரைப்பு நிஜம், வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை என்பதும் நிஜம். ஆனால் ஒவ்வொரு குரைப்புக்கும் திருடன் வந்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எலும்பு உறுதியாக இருக்கிறது என்று அவருடைய டாக்டர் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டு டெஸ்டுக்குப் போனால் வித்தியாசம் தெரியும்.

ஊனமுற்றோர் அடையாள அட்டை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது வேறு பாதை. 2016-ஆம் வருடச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் நாள்பட்ட வலி தனியாக இல்லை, பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். 18-ஐ வைத்துக்கொண்டு அதில் அலைய வேண்டாம். வலிக்கென்று தனியாக எண் போடுவதில் வெளிநாட்டிலும் கை இறுக்கம்தான். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குறைபாட்டு வழிகாட்டியில், வேறு எதுவும் காணாமல் வலி மட்டும் இருந்தால் உடம்பு முழுவதற்கும் அதிகபட்சம் 3 சதவீதம்.

கடைசியாக, பேசுகிற விதம். "எதுவுமே செய்ய முடியவில்லை" என்று அப்பா சொல்லக் கூடாது. அடிபம்பில் குடத்தோடு நிற்கிற ஒரு போட்டோ போதும், எதிர்த்தரப்புக்கு வேலை முடிந்தது. "ஒரு குடம் தூக்குவேன், தூக்கிவிட்டு அரை மணி நேரம் படுப்பேன், இரண்டாவது குடத்தை மகள் தூக்குவாள்" என்று சொல்லட்டும். உண்மை அப்படித்தானே இருக்கிறது? இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள், என்ன செய்தார், எவ்வளவு நேரம், அதற்குப் பிறகு எப்படி. நாளைக்கு இரண்டு வரி போதும், தேதியோடு. டெஸ்ட் முதல் நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எப்போது படுத்தார், ராத்திரி எத்தனை முறை எழுந்தார், காலையில் செருப்பை எப்படி மாட்டினார் என்பதை அவரைக் கேட்காமல் நீங்களே பார்த்து எழுதுங்கள். மறுநாள் காலை சோதிப்பவர் கேட்கும்போது அந்த நோட்டை அவர் கையில் கொடுங்கள். வேலை பற்றிய அந்த ஒரு பக்கத்தை எழுதிவிட்டீர்கள் என்றால் இங்கேயே போடுங்கள், பேர் ஊர் எல்லாம் எடுத்துவிட்டு. எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.